தொண்ணூறு நாள் கடனும் கடல் கடந்த வட்டியும்

உலகின் பெரிய கம்பெனிகள் பலவும் மாதச் சம்பளம் போடவும் சரக்குக்குப் பணம் கட்டவும் ஒரு புரோநோட்டை நம்பியிருக்கின்றன. அதற்கு ஈடாகப் பெரும்பாலும் நிலமோ நகையோ எழுதி வைப்பதில்லை. ‘இன்ன தேதியில் இவ்வளவு தருகிறேன்’ என்ற வாக்குதான் எல்லாம். நிதிச் சந்தை கமர்ஷியல் பேப்பர் என்று அழைக்கும் இந்தக் குறுகிய காலக் கடன் பத்திரத்தை, கடன் வாங்குபவரின் முகம்கூடத் தெரியாதவர்கள் வாங்குகிறார்கள். கடல் தாண்டியும் வாங்குகிறார்கள். ஒரு வாக்கு இத்தனை தூரம் போய் விலைபோவது பெரிய வியப்பு. அது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், வெளிநாட்டில் கிடைக்கும் கூடுதல் வட்டி எதற்கான கூலி என்பதும் விளங்கிவிடும்.

கணக்கு எளிமையானது. பத்திரத்தில் வட்டி என்று தனியாக எதுவும் இருக்காது. முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்குகிறோம்; தவணை நாளில் முழு முகமதிப்பும் கைக்கு வருகிறது. நடுவில் உள்ள வித்தியாசமே வட்டி. 5 லட்சம் ரூபாய்ப் பத்திரம், 91 நாள் தவணை, ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் இன்று கொடுக்க வேண்டியது 4,90,222 ரூபாய். அதே கம்பெனியைப் பற்றிச் சந்தைக்குச் சந்தேகம் வந்து 10 சதவீதம் கேட்டால் விலை 4,87,837 ரூபாயாக இறங்கிவிடும். தவணை அதே, கடைசியில் வரும் தொகையும் அதே. குறைந்துபோன 2,385 ரூபாய் அந்தச் சந்தேகத்தின் விலை. நம்பிக்கை என்ற கண்ணுக்குத் தெரியாத பொருளை இவ்வளவு துல்லியமாக எடைபோடும் இடங்கள் அதிகம் இல்லை.

இந்தியாவில் என். வாகுல் தலைமையிலான குழு 1987-இல் பரிந்துரைக்க, 1990-இல் ரிசர்வ் வங்கி இதற்கு வழிவிட்டது. இங்கே தவணை குறைந்தது 7 நாள், அதிகபட்சம் ஓராண்டு. அமெரிக்காவில் இது மிகப் பழைய தொழில். 1869-இல் ஜெர்மனியிலிருந்து குடியேறியிருந்த மார்கஸ் கோல்ட்மேன், நியூயார்க்கில் ஒரு நிலவறையில் அலுவலகம் திறந்தார். காலையில் மெய்டன் லேன் நகை வியாபாரிகளையும் அருகிலிருந்த தோல் வியாபாரிகளையும் பார்த்து அவர்களது புரோநோட்டுகளைத் தள்ளுபடி விலைக்கு வாங்குவார். அவற்றைத் தன் உயரமான பட்டுத் தொப்பியின் உள்பட்டையில் செருகிக்கொண்டு வங்கிகளுக்குப் போய், சற்றுக் கூடுதல் விலைக்கு விற்றுவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கோல்ட்மேன் சாக்ஸ் என்ற மாபெரும் நிறுவனத்தின் தொடக்கம் இதுதான்.

அந்தத் தொழிலின் அடிப்படை ஊகம் இன்றும் மாறவில்லை. ஒரு வியாபாரி பத்து வருடம் தாங்குவாரா என்று யாராலும் சொல்ல முடியாது; மூன்று மாதம் தாங்குவாரா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆகவே தவணை குறையக் குறையப் பயம் குறைகிறது. அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டுப் பத்திரச் சட்டமும் ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட இத்தகைய தாள்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு அளித்தது.

ஆனால் இந்த ஊகத்துக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. தவணை நாளில் கம்பெனி பெரும்பாலும் தன் லாபத்திலிருந்து பணம் எடுத்துத் தருவதில்லை. புதிய பத்திரம் ஒன்றை விற்று, அந்தப் பணத்தில் பழையதை அடைக்கிறது. பத்திரம் தொண்ணூறு நாளில் முடிகிறது. கடன் வருடக்கணக்கில் ஓடுகிறது. அடுத்த பத்திரத்தை வாங்க ஆள் வராத நாளில்தான் முந்தைய பத்திரத்தின் உண்மையான பலம் தெரியவரும்.

2008 செப்டம்பர் 15 அப்படிப்பட்ட நாள். அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டது. ரிசர்வ் பிரைமரி ஃபண்டு என்ற அமெரிக்கப் பணச் சந்தை ஃபண்டிடம் லேமனின் பத்திரங்கள் 78.5 கோடி டாலருக்கு இருந்தன. ஃபண்டின் மொத்தச் சொத்து சுமார் 6,200 கோடி டாலர். அதில் இது ஒன்றேகால் சதவீதம்தான். போட்ட ஒரு டாலர் எப்போதும் ஒரு டாலராகவே இருக்கும் என்று நம்பியிருந்த முதலீட்டாளர்கள் இரண்டே நாளில் சுமார் 4,000 கோடி டாலரைத் திரும்பக் கேட்டார்கள். 16-ஆம் தேதி அந்த ஒரு டாலரின் மதிப்பு 97 சென்ட் என்று ஃபண்டு அறிவித்தது. பயம் இத்தகைய பத்திரங்களை வாங்கும் மற்ற ஃபண்டுகளுக்கும் பரவியது. லேமனோடு தொடர்பே இல்லாத கம்பெனிகளும் புதிய பத்திரம் விற்க முடியாமல் திணறின. கடைசியில் அமெரிக்க மத்திய வங்கியே அக்டோபரில் கமர்ஷியல் பேப்பரை நேரடியாக வாங்க இறங்கியது. பின்னாளில் கணக்கு முடித்தபோது அந்த ஃபண்டில் பணம் போட்டவர்களுக்கு டாலருக்கு 99 சென்ட் அளவில் திரும்பக் கிடைத்தது. நட்டம் அற்பம், அந்த அற்ப நட்டத்தின் பயம் ஒரு சந்தையையே முடக்கிவிட்டது.

இப்போது கடல் தாண்டிய வட்டிக்கு வருவோம். ஒரு நாட்டில் 4 சதவீதமும் இன்னொரு நாட்டில் 14 சதவீதமும் கிடைத்தால், எல்லாரும் பணத்தை அங்கேயே கொண்டுபோய்ப் போடலாமே? 2005 ஆகஸ்டு முதல் பலர் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் வாங்கியவை, ஐஸ்லாந்தின் குரோனா நாணயத்தில், அந்நாட்டுக்கு வெளியே விற்கப்பட்ட பத்திரங்கள். பனியாற்றுப் பத்திரங்கள் என்று பெயர். வெளியிட்டவை ஜெர்மன் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ, ஐரோப்பிய முதலீட்டு வங்கி போன்ற, உயர்ந்த தர மதிப்பீடு பெற்ற நிறுவனங்கள். ஜெர்மானிய நம்பகத்தன்மையும் ஐஸ்லாந்து வட்டியும் ஒரே தாளில் கிடைத்ததாக வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள்.

2008 தொடக்கத்தில் ஒரு யூரோவுக்குச் சுமார் 90 குரோனா. எடுத்துக்காட்டாக ஒருவர் 1,000 யூரோவை மாற்றி, 90,000 குரோனாவை 14 சதவீதத்துக்குப் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் 1,02,600 குரோனா, ஒரு காசு குறையாமல் வந்திருக்கும். ஆனால் அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. ஆண்டு முடிவில் ஒரு யூரோவுக்குச் சுமார் 170 குரோனா. கையில் மிஞ்சியது 604 யூரோ. பத்திரம் வெளியிட்டவர் வாக்குத் தவறவில்லை. தர மதிப்பீடும் பொய்யாகவில்லை. அந்த மதிப்பீடு கடனாளியை மட்டுமே அளந்தது, நாணயத்தை அளக்கவில்லை. நவம்பரில், பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடுகளும் வந்தன. அவை பெருமளவு நீக்கப்பட 2017 வரை ஆயிற்று.

இந்த ஆபத்தை முன்கூட்டியே தவிர்க்க வழி உண்டு. ஓராண்டு கழித்து எந்த விலையில் நாணயத்தை மாற்றுவது என்று இன்றே ஒப்பந்தம் போட்டுவிடலாம். அப்படி விலை கேட்கும்போதுதான் ஓர் அழகான உண்மை தெரிகிறது: இரு நாட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய முழுவதையும் அந்த ஒப்பந்த விலை விழுங்கிவிடுகிறது. கூடுதல் வட்டியின் பெரும்பகுதி, நாணயம் விழலாம் என்ற ஆபத்தைச் சுமப்பதற்கான கூலியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழருக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. கோல்ட்மேன் தொப்பியோடு சுற்றத் தொடங்கிய அதே 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது; பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. நகரத்தார் செட்டிநாட்டிலும் ரங்கூனிலும் தவணை வட்டிக்குப் பணம் திரட்டி, உண்டியல் என்ற பணச் சீட்டுகளில் கடல் கடத்தி, கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். வாங்கியது மாதக் கணக்கில். கொடுத்தது அறுவடையையும் நிலத்தையும் நம்பி. 1930-இல் அரிசி விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம். பணமாகத் திரும்ப வேண்டியது, விற்க முடியாத வயலாக நின்றது. விவசாயிக்கு அது பூர்வீக நிலத்தின் இழப்பு. கடன் கொடுத்தவருக்கோ 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பும் பிறகு நிலச் சட்டங்களும் எஞ்சியதைக் கொண்டுபோயின. அடுத்த தவணைக்குப் பணம் புரளாமல் போனால் குறுகிய காலக் கடன் நீண்டுவிடும் என்பதை ரங்கூன் அன்றே காட்டியது.

ஆக, அயல்நாட்டுப் பத்திரத்தின் கூடுதல் வட்டிக்குள் மூன்று கூலிகள் அடங்கியிருக்கின்றன: கடனாளி தவறலாம், நாணயம் விழலாம், வேண்டிய நேரத்தில் பணத்தை எடுக்க முடியாமல் போகலாம். யாராவது இந்த மூன்றுமே இல்லை, வட்டி மட்டும் அதிகம் என்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆன்டிகுவா தீவில் ஆலன் ஸ்டான்ஃபோர்டு நடத்திய வங்கி, மற்ற வங்கிகளைவிட அதிக வட்டி தரும் வைப்புச் சான்றிதழ்களைப் பாதுகாப்பானவை என்று சொல்லித்தான் விற்றது. 2009-இல் அது சுமார் 700 கோடி டாலர் மோசடி என்று அம்பலமாயிற்று. 2012-இல் அவருக்கு 110 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பலருடைய ஓய்வுக்காலச் சேமிப்பு அதில் போயிற்று.

அதனால் கடல் தாண்டிய பத்திரத்தை யாராவது நீட்டினால், வட்டி எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அதில் எவ்வளவு கடனாளிக்காக, எவ்வளவு நாணயத்துக்காக, எவ்வளவு பணம் அங்கே மாட்டிக்கொள்வதற்காக என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிரித்துச் சொல்ல முடிந்தால், உங்களால் எந்த ஆபத்தைத் தாங்க முடியும் என்று நீங்களே முடிவு செய்யலாம். விற்பவரால் அதைச் சொல்ல முடியாவிட்டால், உழைத்துச் சேர்த்த பணத்தை அவரிடம் கொடுக்க வேண்டாம்.