இலையைப் பார்த்துச் சாப்பிடுவோம்

எடையைக் குறைப்பதைவிட, குறைத்த எடையைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. எடை திரும்பி ஏறியதும் பலர் தங்கள் மன உறுதியைத்தான் நொந்துகொள்கிறார்கள். அது அநியாயம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2011இல் வெளியாயின. ஓராண்டு கழித்தும் அவர்கள் உடலில் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகவும், பசியை அடக்கும் லெப்டின் குறைவாகவும் இருந்தன. இழந்ததை உடல் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே எடையைக் காப்பது ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு கவளத்தையும் செல்போன் செயலியில் பதிந்துகொண்டே யாரால் ஆயுளைக் கழிக்க முடியும்?

பதிந்தாலும் கணக்கு சரியாக வருவதில்லை. 'எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை' என்று சொன்னவர்களை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தே அவர்கள் சொல்லியிருந்தார்கள். நம் சமையலில் சிக்கல் இன்னும் கூடுதல். தாளிக்கிற எண்ணெயை யாரும் அளந்து ஊற்றுவதில்லை. 'சாம்பார் ஒரு கப்' என்று செயலி காட்டும் எண் யார் வீட்டுச் சாம்பாருக்கு? எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் நின்றபடியே, வீணாகிவிடுமே என்று பாத்திரத்தை வழித்துச் சாப்பிடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு கவளம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அவர்கள் நினைவிலும் தங்காது.

நினைவில் தங்காததுதான் முக்கியமான சங்கதி. மதியம் என்ன சாப்பிட்டோம் என்று நினைவுகூர்ந்தவர்கள் பிறகு நொறுக்குத் தீனியைக் குறைவாக எடுத்ததை இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக உளவியலாளர் சுசான் ஹிக்ஸ் காட்டியிருக்கிறார். இத்தகைய சோதனைகளை 2013இல் தொகுத்துப் பார்த்தபோது, டி.வி. பார்த்தபடி சாப்பிடுவது போன்ற கவனச்சிதறல் அந்த வேளையில் மட்டுமல்ல, அடுத்த வேளையிலும் அளவைக் கூட்டுவது தெரிந்தது. கவனித்துச் சாப்பிட்டால் மனமே கணக்கு வைத்துக்கொள்கிறது. உட்கார்ந்து, செல்போனைத் தள்ளி வைத்து, மென்று தின்று, மறுசோறு கேட்குமுன் சற்றுக் கை நிறுத்தினால் போதும்.

பசி ஹார்மோன்களே மாறியிருக்கும்போது பசியை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பசித்தபோதெல்லாம் சாப்பிடச் சொல்லவில்லை. இது வயிற்றுப் பசியா, சலிப்பா, கண்ணில் பட்ட மிக்சரா என்று பார்க்கச் சொல்கிறேன். கவனித்து உண்பது மந்திரமும் அல்ல. 194 பேரிடம் நடந்து 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எடைக்குறைப்புத் திட்டத்தோடு இந்தப் பயிற்சியைச் சேர்த்தும் 18 மாத முடிவில் எடையில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. குறைக்கும் காலத்தில் கலோரியை எண்ணிப் பார்ப்பது உதவும் என்பதையும் மறுக்கவில்லை. ஒரு தோசைக்கும் மூன்று தோசைக்கும் உள்ள தூரம் அப்போதுதான் புரிகிறது. இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவர் சொன்ன கணக்கை விடவே கூடாது.

எடையைக் காப்பாற்றியவர்களைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது காப்பாற்றியவர்களை அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பதிவேடு பின்தொடர்ந்து வந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், நன்றாக நடக்கிறார்கள். கண்காணிப்பு வேண்டும்தான். ஆனால் தட்டில் விழும் ஒவ்வொன்றையும் எழுதுவதைவிட, வாரம் ஒரு காலை எடை இயந்திரத்தில் ஏறி நிற்பது எவ்வளவோ எளிது. முள் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டினால் பத்து நாள் நோட்டை எடுத்து எழுதுங்கள். எந்த வேளையில் நழுவுகிறது என்று தெரிந்ததும் மூடி வைத்துவிடலாம்.