கடன் பற்றி எழுதினால் கடன் விளம்பரம் வருவது ஏன்?

குரும்பகரத்திலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். "என்னப்பா, நீதான் கடன் வாங்கி அழியாதீங்கன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்க. அதுக்குக் கீழயே அஞ்சு நிமிஷத்துல கடன் தர்றோம்னு போட்டிருக்கே? நீ சொல்ற எடம்தானேன்னு அமுக்கிட்டேன். ஆப் எறங்கி, போன்ல இருக்கற நம்பரையெல்லாம் பார்க்கவான்னு கேக்குது. சரின்னு குடுக்கலாமா?"

"குடுக்காதீங்க சித்தப்பா, மொதல்ல அதை அழிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் தளத்தில் விளம்பரம் இருப்பது சர்வர் வாடகைக்காக. வருடத்திற்கு அதுவே சரியாகத் தேறாது. அந்தக் காசுக்காகச் சித்தப்பாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தேன் என்று நினைத்தபோது பகீரென்றது. இதில் ஒரு வேடிக்கை, அந்த விளம்பரம் வரக் காரணமே இரண்டு வாரம் முன்பு நான் செய்த 'ரிப்பேர்'தான். அந்தக் கதையை வரிசையாகச் சொல்கிறேன். தளம் வைத்திருக்கும் யாருக்கும் உதவும்.

முதலில் அடிப்படை. ஒரு பக்கத்தில் விளம்பரம் மூன்று வழிகளில் தேர்வாகிறது. ஒன்று, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது. இரண்டு, படிப்பவர் முன்பு எதைத் தேடினார் என்பது. மூன்று, அவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பது. மூன்றாவது எங்கள் ஊரில் அடிக்கடி தப்பும். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது என்றாலும், தொலைபேசிக் கணக்கில் தமிழ்நாடு வட்டம். ஐ.பி. முகவரியை வைத்து ஊரைக் கணிக்கும் இயந்திரம் குரும்பகரத்துக்காரரைச் சென்னைக்காரர் என்று நினைத்துக்கொள்வது சகஜம். ஆகவே பழுது பார்ப்பதில் முதல் வேலை, எந்த வழியில் வந்த விளம்பரம் என்று பிரிப்பது. பிரவுசரின் மறைவு முறையில் திறந்து பாருங்கள், வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேரைத் திறக்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே வகை விளம்பரம் வந்தால் கோளாறு பெரும்பாலும் பக்கத்தின் எழுத்தில்தான் இருக்கிறது.

என் தளத்தில் முதல் கோளாறு, இயந்திரத்தால் படிக்கவே முடியாதது. கோயில் கல்வெட்டுக் குறிப்புக்குக் கீழே சம்பந்தமே இல்லாத ஏதேதோ விளம்பரம். தேடினால் தப்பு என்னுடையது. யாரோ கட்டுரைகளை அப்படியே நகலெடுக்கிறார்கள் என்று கடுப்பாகி, ரோபோட்ஸ் கோப்பில் தேடுபொறிகளைத் தவிர எல்லா நிரல்களுக்கும் கதவடைத்திருந்தேன். விளம்பர நிறுவனத்தின் நிரலும் அதில் மாட்டிக்கொண்டது. படிக்க முடியாத இயந்திரம் குத்துமதிப்பாக எதையாவது போடும்.

கூடவே தமிழுக்கே உரிய சிக்கல்கள். 2000-க்கு முன்னும் பின்னும் நாம் தட்டச்சு செய்தவை பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு எழுத்துரு முறை. கண்ணுக்குத் தமிழ், இயந்திரத்துக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடிலும் 'கொ' என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. காலுக்குப் பதில் 'ர' போட்டுவிடுகிறவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றினேன், பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்தேன், படமாக இருந்த பக்கங்களைத் தட்டச்சு செய்தேன், விளம்பர நிரலுக்குக் கதவைத் திறந்தேன். கூகுளின் ஆட்சென்ஸ் 2003-லேயே வந்துவிட்டாலும், அதில் இந்திக்கு ஆதரவு 2014-லும் தமிழுக்கு 2018-லும்தான் கிடைத்தது. எனவே பழைய தமிழ்த் தளங்களில் இந்த மாதிரி அழுக்கு நிறையவே சேர்ந்திருக்கும்.

இரண்டாவது கோளாறு, படித்தும் தப்பாகப் புரிந்துகொள்வது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை, அதாவது சிரிப்பு. அதைப் பற்றிய என் கட்டுரைக்குக் கீழே நகைக் கடன் விளம்பரம்! சிரிக்காமல் என்ன செய்ய? இயந்திரத்தின் பழைய அடிப்படைக் கணக்கு எளிமையானது: ஒரு சொல் இந்தப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, மற்ற பக்கங்களில் எவ்வளவு அரிதாக வருகிறது. பின்பாதியை 1972-ல் முறையாக எடுத்துவைத்தவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். இன்றைய முறைகள் பக்கத்துச் சொற்களையும் பார்க்கின்றன. அதனால் தலைப்பிலும் முதல் பத்தியிலும் 'சிரிப்பு', 'மெய்ப்பாடு', 'இலக்கணம்' என்று துணைச்சொற்களைச் சேர்த்தேன். எல்லாப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் நீளமான பக்கப்பட்டியைச் சுருக்கினேன். நகைக் கடன் போயே போச்சு.

மூன்றாவதுதான் சித்தப்பாவிடம் வந்து நின்றது. 1904-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அது நமக்குப் பொருந்தவில்லை என்று தொடங்கி, விவசாயியும் வட்டியும் பற்றி எழுதிய கட்டுரை அது. கதவு சாத்தியிருந்தவரை தப்பித்தது. திறந்ததும் இயந்திரம் ஒழுங்காகப் படித்தது: கடன், வட்டி, விவசாயி. பொருளைச் சரியாகவே பிடித்தது, பக்கத்தைத்தான் பிடிக்கவில்லை. 'கடன் வாங்கு', 'கடன் வாங்காதே' இரண்டுமே அதற்குக் கடன் பற்றிய பேச்சுதான். தமிழில் அந்த 'ஆதே' வினைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, வேர்ச்சொல்லை மட்டும் எடுக்கும்போது உதிர்ந்துவிடும். ஆங்கிலத்துக்கும் இந்த வியாதி உண்டு. 2003-ல் நியூயார்க் போஸ்ட் தளத்தில், உடலை வெட்டிச் சூட்கேஸில் வைத்த கொலைச் செய்திக்குப் பக்கத்தில் சூட்கேஸ் விளம்பரம் வந்தது பிரசித்தம்.

இதைச் சொல் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. பொருத்தம் கூடக் கூட ஆபத்தும் கூடும். கடன் விளம்பரக்காரருக்கு வேண்டியதே கடன் கவலையில் படிக்கிற ஆள்தான். ரிசர்வ் வங்கியின் குழு 2021-ல் ஆராய்ந்தபோது ஏறக்குறைய 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிமுறை, கடன் செயலி போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்கிறது. சித்தப்பாவிடம் கேட்டது சரியாக அதைத்தான்.

நான் செய்தது இரண்டு. பெரிய விளம்பரச் சேவைகளில் வகைவாரியாகத் தடுக்கும் பட்டியல் இருக்கிறது. அதில் கடன், சூதாட்டம், மாந்திரீகம், சீக்கிரம் பணக்காரர் ஆகும் வழி எல்லாவற்றையும் தடுத்தேன். வருமானம் குறையும், குறையட்டும். தடுப்பும் முழுசாக வேலை செய்யாது, தவறாக வகைப்படுத்திய விளம்பரம் நுழைந்துவிடும். அதனால் கடன், நோய், மரணம் பற்றிய பக்கங்களில் விளம்பர நிரலையே எடுத்துவிட்டேன்.

சித்தப்பா அந்தக் கட்டுரையை மறுபடி திறந்து பார்த்தாராம். "இப்ப சுத்தமா இருக்குப்பா, படிக்க முடியுது" என்றார். அதுவரை விளம்பரத்துக்கு நடுவில்தான் படித்திருக்கிறார், சொல்லவில்லை.

உங்களுக்கும் தளம் இருந்தால் உங்கள் கணினியில் பார்ப்பதோடு விடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் போனை வாங்கி ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் எழுதியதற்குக் கீழே யார் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரியும்.