களைக்கொட்டின் காம்பும் உழைப்பாளியின் முதுகெலும்பும்

உழவு மாட்டின் கழுத்தில் புண் கண்டால் நம்மவர் மாட்டைக் குறைகூறுவதில்லை. நுகத்தடியைக் கழற்றிப் பார்ப்பார்கள். சிராய் இருந்தால் இழைப்பார்கள். பூட்டாங்கயிறு இறுக்கமாயிருந்தால் தளர்த்துவார்கள். இரண்டொரு நாள் ஏரில் பூட்டாமலும் விடுவார்கள். ஆனால் களையெடுக்கும் ஆளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால், வயதாகிவிட்டது என்றோ, வேலைக்குச் சோம்புகிறார் என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் கையிலிருக்கும் கருவியை வாங்கிப் பார்ப்பவர் அருமை. அந்தக் கருவியை ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி நிலமுடையோரையும் கிராம அதிகாரிகளையும் கேட்டுக்கொள்ளுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதுகெலும்பு என்பது ஒற்றை எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 ஆக, அசையக்கூடிய 24 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கு நடுவே தவிர, மற்ற எலும்புகளுக்கு இடையே நீர்ப்பசையுள்ள வட்டுகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. நெடுகிலும் நார்கள் இவ்வெலும்புகளைப் பிணைக்கின்றன. பின்புறத்துத் தசைகள் இழுத்துப் பிடித்து நிமிர்த்துகின்றன. சரீரத்தின் பாரம் மேலிருந்து கீழாகச் சேர்ந்துகொண்டே வருவதால், இடுப்பிலுள்ள கடைசி இரண்டு வட்டுகளே மிகுந்த பாரத்தைத் தாங்குகின்றன. சேதமும் அங்கேதான் அதிகம்.

குனியும்போது நடப்பது யாதென்பதை ஏற்றம் இறைத்த தலைமுறையினருக்கு விளக்கவேண்டியதில்லை. துலாவின் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் இருந்தால், குறுகிய பக்கத்தில் பன்மடங்கு பாரம் ஏற்றினாலன்றிச் சமன்படாது. முதுகுத் தசை எலும்பை இழுக்கும் கை மிகக் குட்டையானது. சுமார் 5 சென்டிமீட்டர்தான். தூக்கும் பொருளோ உடலுக்கு முன்னே நெடுந்தூரம் நிற்கிறது. 40 கிலோ மூட்டையொன்றை இடுப்பெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் முன்னே வைத்துத் தூக்கினால், தசை 400 கிலோ அளவுக்கு இழுத்தாகவேண்டும். அதே மூட்டையை மார்போடு அணைத்து 25 சென்டிமீட்டரில் நிறுத்தினால் அது 200 ஆகக் குறையும். கணக்கு தோராயமானதே; ஆனால் விகிதம் மாறாது. மேலும், தலை, தோள், கைகள், மார்பு ஆகியவற்றின் எடையே உடலெடையில் பாதிக்கு மேற்படுமாகையால், வெறுங்கையோடு குனிவதும் முதுகுக்கு ஒரு சுமைதான்.

நடவிலும் களையெடுப்பிலும் நேரும் தீங்கு வேறு விதமானது. முழுவதும் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் ஓய்ந்துவிடுகின்றன; பாரமெல்லாம் எலும்புகளைப் பிணைக்கும் நார்களின்மேல் விழுகிறது. நார்கள் நெடுநேரம் இழுபட்டால், சற்றே நீண்டு தளர்கின்றன. கானடா தேசத்தில் வாட்டர்லூ சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 1992-இல் வெளியிட்ட பரிசோதனையில், 20 நிமிஷம் குனிந்திருந்தவர்களின் முதுகு, நிமிர்ந்த இரண்டு நிமிஷங்களில் சுமார் பாதியளவே பழைய நிலைக்குத் திரும்பியது. மீதி தளர்வு நீங்க மேலும் நேரமாயிற்று. இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியது எளிது. ஒரு மணி நேரம் நட்டுக் கரையேறிய பெண்ணிடம் உடனே நாற்றுக் கூடையையோ மூட்டையையோ தூக்கச் சொல்லலாகாது. நான்கு கஜம் வரப்பில் நடந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னோக்கி வளைந்து நிமிர்ந்த பிறகு தூக்கட்டும். செலவில்லாத இந்த ஏற்பாட்டைச் செய்யும் வயல்கள் மிகச் சில.

நிற்க. கருவிக்கு வருவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சாலினாஸ் பள்ளத்தாக்கு முதலிய இடங்களில், லெட்டூஸ் என்னும் கீரையையும் சர்க்கரை பீட்டையும் களைந்து கலைத்துவிடுவதற்கு, ஒரு முழத்துக்கும் குறைந்த காம்புள்ள களைக்கொட்டையே கூலியாட்களுக்குக் கொடுத்து வந்தார்கள். மெக்சிகோ வழிவந்த அத்தொழிலாளர் அதை எல் கொர்த்தித்தோ, அதாவது 'குட்டையன்', என்று அழைத்தனர். நாள் முழுவதும் இரண்டாக மடிந்து வேலை செய்து, நடுவயதிலேயே முதுகு கெட்டு விழுந்தோர் பலர். தொழிலாளர் தலைவராய் விளங்கிய ஸீஸர் சாவேஸ், தம் முதுகுவலிக்கு அக்கருவியே காரணமென்று சொல்லிவந்தார். அதைத் தடுக்க வேண்டுமென்று 1972-இல் தொழிலாளர் சார்பில் மனுச் செய்யப்பட்டது. வைத்தியர்களும் சாட்சி சொன்னார்கள். நிலமுடையோர் கூறிய ஆட்சேபம் நமக்குப் பழக்கமானதே: காம்பு நீண்டால் பயிரும் வெட்டுப்படும், இடைவெளி சீராயிராது, விளைச்சல் குறையும் என்றார்கள். வெளியில் அதிகம் சொல்லாத காரணமும் ஒன்றுண்டு. குட்டைக் காம்பு இருந்தால், வேலையை நிறுத்தி நிமிர்ந்தவர் யாரென்பது மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்!

தொழிற்பாதுகாப்பு வாரியம் 1973-இல் மனுவைத் தள்ளிவிட்டது. வழக்கு மேலே சென்றது. கருவி உடைந்தோ பழுதாகியோ இருந்தால்தான் அபாயமானதென்று கொள்ளுவது தவறு. பழுதற்ற கருவியும் பயன்படுத்தும் முறையினால் தேகத்துக்குத் தீங்கு செய்யுமாயின் அதுவும் அபாயமானதே என்ற கருத்தில், அம்மாநில உச்ச நீதிமன்றம் 1975 ஜனவரி 13-இல் கார்மோனா வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே குட்டைக் களைக்கொட்டு தடை செய்யப்பட்டது. கீரைச் சாகுபடி அழிந்ததா? இல்லை. இன்றும் அமெரிக்காவில் லெட்டூஸ் விளைவதில் கலிபோர்னியாவே முதலிடம். பின்னர் 2004-இல் கையால் களைபறிப்பதையும் கட்டுப்படுத்தும் விதிகள் அங்கே வந்தன. நீண்ட காம்பென்றால் குறைந்தது 4 அடி என்று அவ்விதிகள் கூறுகின்றன.

நமது புன்செய்க் களைக்கொட்டைக் கையிலெடுத்துப் பார்த்தால், அதுவும் அந்தக் 'குட்டைய'னின் உறவினன் என்பது விளங்கும். கடலை, சோளம், பருத்தி ஆகியவற்றுக்கு வரிசை விதைப்புச் செய்திருந்தால், நீண்ட காம்புள்ள களைக்கொத்தியோ சக்கரக் களைக்கருவியோ தாராளமாய் ஓடும். காம்பு நிமிர்ந்து நிற்பவரின் மார்பு வரையேனும் எட்டவேண்டும். செடிக்கு வெகு அருகிலுள்ள களைக்குக் கை வேண்டியிருக்கலாம். அதற்காக வயல் முழுவதையும் கையால் பறிக்கவேண்டுமென்பதில்லை. நன்செய்யில், செம்மை நெல் சாகுபடியின்படி 25 சென்டிமீட்டர் சதுரத்தில் நட்டவர்கள் கோனோ களைக்கருவியை இருபக்கமும் உருட்டலாம். அம்முறையின் விளைச்சலைப் பற்றி இவ்விதழ் போன்றவற்றில் நிரம்பப் பேசப்பட்டிருக்கிறது. களையெடுப்பவர் அதில் நிமிர்ந்து நடக்கிறார் என்பதை யாரும் அத்தனை அழுத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. கருவி கனமாயிருக்கிறது, பிடி உயரமாயிருக்கிறது என்று பெண்கள் சொல்லும் குறை நியாயமானதே. ஆண்களின் உயரத்துக்குச் செய்த கருவியைப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர்களுக்குப் பழக்கமில்லை என்று சொல்வது பொருந்தாது. பிடியை ஏற்றி இறக்கும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும்.

மூட்டை விஷயம். நெல் கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ. ஓர் ஆடவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாதென்பது சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-இல் செய்த பரிந்துரை. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிலையம் 1991-இல் வகுத்த கணக்கின்படியோ, எல்லா வசதிகளும் பொருந்தியிருந்தாலும் தூக்கத்தக்கது 23 கிலோதான். நம் களத்துமேட்டில் எந்த வசதியும் பொருந்துவதில்லை. மூட்டை தரையில் கிடக்கிறது, பிடி கிடையாது, தூக்கியதும் திரும்பவும் வேண்டும். மூட்டையின் எடையை நம்மால் மாற்ற முடியாவிடினும், அதன் உயரத்தை மாற்றலாம். களத்தின் ஓரத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதன்மேல் வைத்தே சாக்கைப் பிடித்துத் தைத்தால், தரையிலிருந்து தூக்கும் வேலை ஒழிந்து, வண்டிக்கு நேரே தள்ளிவிடலாம். கொள்முதல் நிலையங்களுக்கு இடம் பார்க்கும் கிராம அதிகாரிகள் இதைக் கவனித்தால் மிகுந்த உபகாரமாகும். தூக்கும்போது முழங்காலை மடக்குவதா, இடுப்பை வளைப்பதா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்னும் வாதமுண்டு. பாரம் உடலை ஒட்டியிருக்கவேண்டும், தூக்கியபடி இடுப்பைத் திருகலாகாது என்ற இரண்டிலும் பேதமில்லை.

இரவில் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அதனாலேயே காலையில் நாம் சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாயிருக்கிறோம். பருத்த வட்டு வளைந்து கொடுக்காது. விடியற்காலையில் குனிவதைத் தவிர்த்த நாட்பட்ட நோயாளிகளுக்கு வலி குறைந்ததாக 1998-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. வெயிலுக்கு முன் வேலை முடியவேண்டுமென்பதால் நடவைத் தள்ளிப்போடச் சொல்ல இயலாது. ஆனால் எழுந்ததும் முதல் ஒரு மணி நேரத்தை மடை பார்த்தல், வரப்பைச் சுற்றிவருதல் போன்ற நிமிர்ந்த வேலைகளுக்கு ஒதுக்கலாம்.

முதுகு பிடித்துக்கொண்டபின் என்ன செய்வது? பாயில் நெடுநாள் படுப்பது உதவாது. 1986-இல் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஏழு நாள் படுத்தவர்கள் இரண்டு நாள் படுத்தவர்களைவிடச் சீக்கிரம் குணமடையவில்லை. மாறாக, 2024-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான பரிசோதனையொன்றில், வலி நீங்கியபின் வாரத்தில் சில நாள் ஒழுங்காக நடந்துவந்தவர்களுக்கு அடுத்த வலி வர நடுவளவாக 208 நாள் ஆயிற்று. நடவாதோருக்கு 112 நாள்.

முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் முறையைப் பற்றியும் பலர் வினவுகிறார்கள். அதனை 1895-இல் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் தொடங்கியவர் டேனியல் டேவிட் பால்மர். அவர் முதலில் கைவைத்தது, குனிந்து நெருக்கடியில் வேலை செய்தபோது முதுகில் ஏதோ விலகியதாகச் சொன்ன கட்டடப் பணியாளர் ஒருவரிடத்தில் என்பது நம் விஷயத்துக்குப் பொருத்தமே. அப்பணியாளரின் காது கேளாமை அதனால் நீங்கிற்றென்பதையும், பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பே மூலமென்ற பால்மரின் கொள்கையையும் இன்றைய வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் நாட்பட்ட இடுப்புவலிக்குத் தேகப்பயிற்சி, பயிற்சி பெற்றவர் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சை, மஸாஜ் ஆகியவற்றை உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் அனுமதித்திருக்கிறது. இடுப்புப் பெல்ட்டையும், கனம் கட்டி இழுப்பதையும் வேண்டாமென்று சொல்லியிருக்கிறது. சலூனில் முகச்சவரம் முடிந்ததும் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கெடுப்பதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு.

கால் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை, மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தபின் வலி, வலியோடு ஜுரம் ஆகியவை காணப்பட்டால் எண்ணெய் தடவிக்கொண்டிராமல் டாக்டரிடம் செல்லவேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுக்கடங்காமற் போனாலும், ஆசனப்பகுதி மரத்தாலும், அன்றைய தினமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். ஒரு நாள் தாமதமும் கூடாது.

களைக்கருவி வேண்டுவோர் தத்தம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். பழைய களைக்கொட்டுக்கு நீண்ட காம்பு போடுவதை உள்ளூர்க் கொல்லரும் தச்சருமே செய்துவிடுவர். வருகையில், கருவியைப் பிடிக்கப்போகும் ஆளையும் உடன் அழைத்துவந்தால், அவர் உயரத்துக்கு அளந்து பார்த்து எடுத்துக்கொள்ள வசதியாயிருக்கும்.