இல்லறத்தார் காத்த மாணவர் இல்லம்

மயிலை என்றதும் கபாலீசுவரர் கோயிலின் கோபுரமும், பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் எழுந்தருளும் மாட வீதிகளும் அன்பர்களின் மனக்கண்முன் தோன்றும். அன்று வீதிதோறும் நீர்மோர்ப் பந்தல்கள் விளங்கும். வந்தவர் யார், எவ்வூரார் என்று கேளாமல் இலையில் அன்னம் விழும். ஆண்டில் ஒரு நாள் இவ்வாறு பெருகும் ஈகை, எஞ்சிய நாள்களிலும் வற்றாது ஓடுவதற்கு வழி என்ன? இவ்வினாவுக்குத் தன் வாழ்வாலேயே விடை கூறும் அறநிலையம் ஒன்று அதே மயிலையில் நூறாண்டுகளைக் கடந்து நிற்கிறது. ஸ்ரீராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லமே அது.

சுவாமி விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னைக்கு எழுந்தருளி, கடற்கரையை அடுத்த ஐஸ் ஹவுஸ் மாளிகையில் ஒன்பது நாள்கள் தங்கினார். அவர் விடைபெறுங்கால், தங்களுக்கு நல்வழி காட்ட ஒரு துறவியை அனுப்பியருள வேண்டும் என்று சென்னை அன்பர்கள் விண்ணப்பித்தனர். ஆசாரத்தில் தென்னாட்டுப் பெரியோரையும் விஞ்சக்கூடிய ஒருவரை அனுப்புவதாக அவர் வாக்களித்தார். அவ்வாறு வந்தவரே சசி மகராஜ் என்று அன்புடன் அழைக்கப்பெற்ற சுவாமி ராமகிருஷ்ணானந்தர். குருநாதரின் திருவுருவத்தைத் தாமே பூசித்து, தாமே சமைத்து நிவேதனம் செய்து, நகரின் பல பகுதிகளுக்கும் சென்று கீதையும் உபநிடதமும் போதித்து வந்தார். அடுத்த வேளை நிவேதனத்துக்கு அரிசி இல்லாத நாள்களும் அவர் வாழ்வில் உண்டு.

அக்காலத்துச் சென்னையில் வெளியூர் ஏழைப் பிள்ளைகள் கல்வி கற்பது எத்துணை அரிது என்பதை நம் மூத்தோர் சொல்லிக் கேட்டிருப்போம். பள்ளிச் சம்பளத்துக்கு எவரேனும் உதவினாலும் உண்ண உணவும் உறங்க இடமும் வேண்டுமே! திங்களன்று ஒரு வீடு, செவ்வாயன்று மற்றொரு வீடு என்று முறைவைத்து உண்ணும் வாரச் சாப்பாடே பலருக்குக் கதி. அந்த வீடுகளில் ஒன்றில் உடல்நலக் குறைவோ, தீட்டோ, ஊர்ப்பயணமோ நேர்ந்துவிட்டால் அன்று அந்தப் பிள்ளைக்குப் பட்டினிதான். அன்னமிட்ட கைகள் புண்ணியம் செய்த கைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாளை எங்கே உண்பது என்ற கவலையுடன் பாடம் படிக்கும் சிறுவனின் மனம் எவ்வாறு நூலில் பதியும்?

இந்நிலையில், கோயம்புத்தூரில் கொள்ளை நோய்க்கு ஒரு குடும்பத்துப் பெரியோர் அனைவரும் இரையாகி, சிறு குழந்தைகள் மட்டும் ஆதரவற்று எஞ்சிய செய்தி சுவாமிகளின் செவிக்கு எட்டியது. அவர் உள்ளம் உருகியது. 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், மயிலையில் வாடகை வீடு ஒன்றில் ஏழு சிறுவர்களுடன் மாணவர் இல்லம் தொடங்கியது. சேர்த்து வைத்த நிதியோ, சொந்தக் கட்டடமோ அப்போது இல்லை. இறைவன் நடத்துவான் என்ற நம்பிக்கையே முதலாக இருந்தது.

இறைவன் நடத்தினான், ஆனால் மனிதரின் கைகளைக் கொண்டே நடத்தினான். சுவாமிகளின் சீடராகிய ராமசுவாமி ஐயங்காரும், அவருடைய நெருங்கிய உறவினராகிய ராமானுஜாசாரியாரும் அக்கைகளாயினர். ராமு, ராமானுஜு என்றே அன்பர்கள் அவர்களை அழைத்தனர். இருவரும் காவி உடுத்தவர்கள் அல்லர். குடும்ப பாரம் சுமந்த இல்லறத்தார். வாடகை, அரிசி, புத்தகம், மருந்து என்று நாள்தோறும் எழும் தேவைகளுக்காக வீடு வீடாகப் படியேறி யாசித்தனர். தனக்கென யாசிப்பது இழிவு. பிறர் பசிக்காக யாசிப்பதோ தவம். தலைமைச் செயலக ஊழியர்களைக் கொண்ட நாடகக் குழுவின் வாயிலாக ராமானுஜாசாரியார் மேடையேற்றிய நாடகங்களின் வசூல் இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. பகலெல்லாம் கோப்புகளைப் புரட்டியவர்கள் மாலையில் அரிதாரம் பூசியது, முகமறியாத பிள்ளைகளின் ஒரு வேளைச் சோற்றுக்காகவும் அல்லவா?

இல்லம் தொடங்கி ஆறே ஆண்டுகளில், 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சுவாமி ராமகிருஷ்ணானந்தர் கல்கத்தாவில் மகாசமாதி எய்தினார். காசநோய் அவர் திருமேனியை வாட்டியிருந்தது. உண்மையான சோதனை அப்போதுதான் வந்தது. நிறுவியவர் மறைந்ததும் மங்கிப்போன தருமங்கள் நாட்டில் எத்தனையோ! நிறுவியவரின் முகத்துக்காகக் கொடுத்தவர்கள், அம்முகம் மறைந்தபின் கையை இழுத்துக்கொள்வது உலக இயல்பு. இங்கோ அவ்வாறு நேரவில்லை. குருவின் கட்டளையைத் தம் வீட்டுக் கடமையாக ஏற்ற இல்லறத்தார், ஒரு நாளும் அடுப்பு அணையாமல் காத்தனர். 1917-ஆம் ஆண்டு சுவாமி பிரம்மானந்தர் சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1921-ஆம் ஆண்டு அவர் திருக்கரங்களாலேயே அக்கட்டடம் திறந்துவைக்கப்பெற்றது. பின்னர் உறைவிடப் பள்ளியும் தொழிற்கல்விக் கூடமும் அங்கே தழைத்தன. கற்ற பிள்ளை வெளியேறும்போது கையில் ஒரு தொழிலும் இருக்க வேண்டும் என்ற முன்னோக்கை நாம் போற்றவேண்டும்.

நம் கோயில்களில் கட்டளை என்றொரு முறை உண்டு. காலைசந்திப் பாலுக்கு ஒருவர், அர்த்தசாமப் பூவுக்கு ஒருவர், நந்தாவிளக்கின் எண்ணெய்க்கு ஒருவர் என்று பொறுப்பைப் பகிர்ந்துகொள்வர். ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பதில்லை. எவரும் தம் பங்கைத் தவறவிடுவதுமில்லை. அதனால்தான் அரசர்கள் மாறியபோதும் சந்நிதியில் விளக்கு எரிந்தது. மாணவர் இல்லம் வளர்ந்ததும் இத்தகைய கூட்டுப் பொறுப்பினால்தான். கணக்கு எழுதுபவர், அடுப்படியில் நிற்பவர், இரவில் பிள்ளைகளுக்குத் துணையிருப்பவர், பொருள் தருபவர் ஆகிய அனைவருமே கட்டளைதாரர்கள். இவர்களுள் ஒருவர் தவறினாலும் அந்த வேளை குறைபடும்.

சுவாமிகள் வாழ்ந்த ஐஸ் ஹவுஸ் மாளிகையும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. 1917-ஆம் ஆண்டு அரசாங்கம் அதைத் தன்வசமாக்கியது. பின்னர் அது இளம் விதவைகள் தங்கிக் கற்கும் விடுதியாயிற்று. இளமையிலேயே கணவரை இழந்து, உறுதியுடன் பயின்று 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் அதன் உயிராக விளங்கினார். அரசாங்கம் இடமளித்தது, கல்வித் துறையினர் துணைநின்றனர், அம்மையார் தம் வாழ்வையே அளித்தார். மூலையில் ஒடுங்கவேண்டியவர்கள் என்று உலகம் ஒதுக்கிய சிறுமியர் பலர் ஆசிரியைகளாகத் தலைநிமிர்ந்தனர். இன்று அம்மாளிகை விவேகானந்தர் இல்லம் என்ற பெயருடன் திகழ்கிறது.

இவற்றையெல்லாம் கேட்கும் மூத்த அன்பர்கள், 'எங்களால் இனி என்ன இயலும்? கால் வலி, கண் மங்கல், ஓய்வூதியத்தில் குடும்பம்' என்று எண்ணக்கூடும். ராமுவும் ராமானுஜுவும் செல்வந்தர்களாக இருந்து இத்தருமத்தைக் காக்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நகரத்தில் தருமம் தளர்வது பெரும்பாலும் பணக் குறைவால் அன்று. தொடர்ந்து வரும் ஆள் குறைவாலேயே. ஆண்டுக்கொருமுறை பெருந்தொகை தருபவரைவிட, வாரந்தோறும் அதே நாளில், அதே வேளையில் வந்து ஒரு சிறுவனுக்குக் கணக்கு சொல்லித் தருபவர் அரியவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊரிலுள்ள இல்லத்துக்குச் சென்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம். கணக்கராக இருந்தவர் வரவு செலவைச் சரிபார்க்கலாம். வெளியே செல்ல இயலாத அம்மையார், பெற்றோரின் திதி நாளில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவுக்கு ஏற்பாடு செய்யலாம். பேரப்பிள்ளைகளின் கையாலேயே அதை அளிக்கச் செய்யலாம். அப்பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் தொடரும்.

இளையான்குடி மாற நாயனார், நள்ளிரவில் வந்த அடியாருக்காக விதைத்த நெல்லையே வாரிவந்து அமுது படைத்தார். அத்தகைய பெருந்தியாகம் நம் போன்றோர்க்கு எளிதன்று. ஆனால் அந்த வீட்டில் அன்று நெல்லை வாரியவர் கணவர். அதைச் சமைத்து அமுதாக்கியவர் அவர்தம் மனைவியார் என்பதையும் பெரிய புராணம் மறவாது உரைக்கிறது. ஒருவர் வாரிவர, மற்றொருவர் சமைக்க, பசித்தவர் உண்பர். அந்த இரண்டில் ஏதேனும் ஒரு பணி நம் கைக்கும் எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.