உங்கள் படங்களுக்கு உண்மையான பூட்டு எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்கிற வேலை, போனில் நிறைந்து கிடக்கும் போட்டோக்களை அதற்கு மாற்றுவதுதான். எங்கள் புதுக்கடைப் பக்கம் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார். கணவனும் மனைவியும் தங்களுக்குள் மட்டும் அனுப்பிக்கொண்ட படம், பிரசவத்தின்போது எடுத்த படம், பாஸ்போர்ட் நகல் என எல்லாம் ஒரே போல்டரில் கிடக்கும். அதே கம்ப்யூட்டரில் பக்கத்து வீட்டுப் பையன் கேம் விளையாடுவான். பழுதானால் அது மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ சர்வீஸுக்குப் போகும்.

"விண்டோஸுக்குப் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேனே, போதாதா?" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். போதாது. ஏன் என்று பார்ப்போம்.

வாசல் பூட்டு மட்டும் போதுமா?

விண்டோஸ் பாஸ்வேர்ட் வாசல் கதவுப் பூட்டு போன்றது. என்கிரிப்ட் செய்யாத ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்தால், உங்கள் பாஸ்வேர்ட் இல்லாமலேயே படங்களைத் திறந்துவிடலாம். போல்டரை 'ஹிடன்' ஆக்கி வைப்பதும் பூட்டு அல்ல. வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் அது உடனே தெரிந்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2008 ஜனவரியில் ஹாங்காங் நடிகர் எடிசன் சென்னின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவின. அவர் பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப்பில் இருந்து அவை எடுக்கப்பட்டிருந்தன. அதற்காகக் கம்ப்யூட்டர் டெக்னீஷியன் ஒருவருக்கு 2009-ல் எட்டரை மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் பரவிய படங்கள் திரும்பி வரவில்லை.

சரி, டெலீட் செய்துவிட்டுக் கொடுத்தால்? பெண்களைப் படங்களை வைத்து மிரட்டியதாக 2020-ல் நாகர்கோவிலில் ஒருவர் கைதானார். அவருடைய லேப்டாப்பில் அழிக்கப்பட்டிருந்த படங்களையும் வீடியோக்களையும் போலீசார் மீட்டெடுத்தார்கள். 2023 ஜூனில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றத்தை நிரூபிக்க உதவும் அதே தொழில்நுட்பம், இலவச மென்பொருள்களாக யாருக்கும் கிடைக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

7-ஜிப் மூலம் பூட்டுவது எப்படி?

உண்மையான பூட்டு என்கிரிப்ஷன். பாஸ்வேர்டைக் கொண்டு பைலின் தகவல்களையே புரியாத குவியலாக மாற்றிவிடும் முறை இது. டிஸ்கைக் கழற்றினாலும் பயன் இல்லை. விண்டோஸிலேயே உள்ள ஜிப் போல்டர் வசதியில் பாஸ்வேர்ட் போட முடியாது. எனவே 7-ஜிப் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்.

1. படங்கள் உள்ள போல்டரை ரைட் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 11-ல் 7-ஜிப் மெனு தெரியாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள்.
2. 7-ஜிப் மெனுவில் 'ஆட் டு ஆர்க்கைவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. ஆர்க்கைவ் பார்மட் '7இசட்' என்று இருக்கட்டும்.
4. பாஸ்வேர்டை இரண்டு முறை டைப் செய்யுங்கள்.
5. 'என்கிரிப்ட் பைல் நேம்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் உள்ளே உள்ள பைல்களின் பெயர்களைப் பிறர் படிக்கலாம்.
6. ஓகே கொடுங்கள். உருவான பைலைத் திறந்து சரிபார்த்த பிறகே பழைய போல்டரை நீக்குங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

பிறந்த தேதி, வண்டி நம்பர் வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். கவனம்! இந்தப் பாஸ்வேர்டை மறந்தால் மீட்டுத் தர யாரும் இல்லை. தாளில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். பூட்டிய பைலின் இன்னொரு நகலைப் பென் டிரைவில் வையுங்கள்.

டிஸ்க் முழுவதையும் பூட்டலாமா?

நீக்கிய பழைய படங்களை மீட்டுவிடுவார்களோ என்று கவலையா? செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இது இராது. இருந்தால் ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் திருடு போனாலும் டிஸ்கைப் படிக்க முடியாது. இதன் ரெக்கவரி கீயைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கும். ஆனால் நீங்களே விண்டோஸைத் திறந்துவிட்ட பிறகு இந்தப் பூட்டு உதவாது. அதனால்தான் 7-ஜிப்பும் வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்

டிஸ்ப்ளே, கீபோர்டு பழுதுக்கு விண்டோஸ் பாஸ்வேர்ட் பெரும்பாலும் தேவைப்படாது. கேட்டால் எதற்கு என்று விசாரியுங்கள். முடிந்தால் டிஸ்கைக் கழற்றி உங்களிடமே தரச் சொல்லுங்கள். போன், வாட்ஸ்அப், கூகுள் போட்டோஸ், ஒன்டிரைவ் ஆகியவற்றில் அதே படங்களின் நகல் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் படம் வெளியே போய்விட்டால் பயந்து பணம் கொடுக்காதீர்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்புப் படத்தை அனுமதியின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, சைபர் கிரைம் போலீசிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுங்கள்.