குதித்துப் பார்... புதையல் இருக்கு!

மலை விளிம்பு. எட்டிப் பார்த்தால் கீழே அதலபாதாளம். தரையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மின்னுகிறது. கிட்டே போய் பட்டனை அழுத்தினால் எழுத்து தெரிகிறது: 'குதித்துப் பார்'.

நம்பிக் குதித்தால்? நேரே பரலோகம்தான்! ராட்சசர்களை வெட்டி வெட்டிச் சேர்த்த 'சோல்ஸ்' அத்தனையும் அங்கேயே கிடக்கும். மறுபடி வந்து எடுப்பதற்குள் இன்னொரு முறை செத்தால் எல்லாம் அம்பேல். எழுதி வைத்த மகானுபாவர் யார், எந்த ஊர்? கண்டுபிடித்துச் சட்டையைப் பிடிக்கவா முடியும்?

இது 'டார்க் சோல்ஸ்' வீடியோ கேமில் நடக்கிற கூத்து. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் கம்பெனி 2011-ல் வெளியிட்டது. அதற்கு முன் 2009-ல் 'டீமன்ஸ் சோல்ஸ்', பின்னால் 2022-ல் 'எல்டன் ரிங்'. மூன்றுக்கும் இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி.

ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் தரையில் குறிப்பு எழுதி வைக்கலாம் என்ற யோசனை முதல் ஆட்டத்திலேயே வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் கைகொடுத்துவிட்டுப் போகிற இந்த எண்ணம் எப்படி வந்ததாம்? ஒருமுறை பனி கொட்டிய மேட்டில் கார்கள் வரிசையாகச் சிக்கிக்கொள்ள, பின்னால் நின்றவர்கள் தள்ளிவிட்டுத்தான் மியாசாகி வீடு போய்ச் சேர்ந்தார். நிறுத்தி நன்றி சொல்லலாம் என்றால் வண்டி மறுபடி சிக்கிக்கொள்ளும். தள்ளியவர்களை இனி பார்க்கவே போவதில்லை. கடைசியாக நின்றவர் வீடு சேர்ந்தாரா என்று வழியெல்லாம் யோசித்தாராம்.

மனுஷர் நல்லெண்ணத்தில்தான் ஆரம்பித்தார். நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா?

இஷ்டத்துக்கு எழுத முடியாது. கம்பெனி கொடுத்த வாக்கியம், கம்பெனி கொடுத்த வார்த்தை, இரண்டையும் கோத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பஞ்சத்தில்தான் ரகசிய பாஷை பிறந்தது. 'எல்டன் ரிங்' பட்டியலில் நாய் உண்டு, ஆமை கிடையாது. விளைவு? ஆமை எங்கே தென்பட்டாலும் பக்கத்தில் 'நாய்' என்ற குறிப்பு! புதுசா வர்றவன் நாயைத் தேடி முழிக்க வேண்டியதுதான். கோட்டை வாசலில் 'ஃபோர்ட்', 'நைட்' என்று இரண்டு வார்த்தை. 'கோட்டையில் ராத்திரி காவலா?' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சேர்த்துப் படியுங்கள்... 'ஃபோர்ட்நைட்'. அது வேறொரு ஆட்டத்தின் பெயர். கடி ஜோக்!

'முன்னால் பொய்ச் சுவர்' என்பதுதான் பெரிய இம்சை. பாதி குறிப்புகள் புளுகு. நிஜச் சுவரைக் கத்தியால் கொத்திக்கொண்டு நிற்போம். ஆனால் ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. 'டார்க் சோல்ஸ்' ஆட்டத்தில் 'கிரேட் ஹாலோ' என்கிற முழு மரக்குகையே இரண்டு பொய்ச் சுவர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதன் வழியே இறங்கினால் 'ஆஷ் லேக்' என்று ஒரு சாம்பல் ஏரி. எவனோ உண்மையை எழுதி வைத்ததால் உள்ளே போனவர்கள் ஏராளம்.

புளுகைப் பிடிக்க ஒரு வழி, ரத்தக்கறை. மற்றவர்கள் செத்த இடத்தில் சிவப்பாக மின்னும். தொட்டால் அவர்களுடைய கடைசி நொடிகள் ஆவி உருவத்தில் ஓடும். 'குதித்துப் பார்' பக்கத்தில் பத்துக் கறை இருக்கிறதா? தொட்டுப் பாருங்கள். வரிசையாக ஓடி வந்து 'தொபுக்கடீர்' என்று விழுவார்கள்!

இதில் இன்னொரு கூத்து. குறிப்பு பிடித்திருந்தால் 'நன்று' என்று மதிப்புப் போடலாம். போட்டால் எழுதினவருக்கு அந்த நொடியே உயிர்ச்சக்தி ஏறும். ஏமாந்து விழுந்தவர்களில் சில பேர் திரும்பி வந்து, சிரித்துக்கொண்டே 'நன்று' போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் புளுகன் அப்போது எங்கோ ஒரு ராட்சசனிடம் சாகக் கிடந்தால், பிழைத்துக்கொள்வான்!