நிலஞ்சூழ் நாடுகளின் ஏற்றுமதிச் செலவு: உகண்டாவும் சாட்டும் – ஓர் ஒப்பீடு

ஆபிரிக்காவின் நிலஞ்சூழ் நாடுகள் பின்தங்கியிருப்பதற்குக் கடலின்மையே காரணம் எனப் பொருளியல் நூல்கள் அடிக்கடி கூறுவதுண்டு. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், அது முழு உண்மையன்று என்பதை உகண்டா, சாட் ஆகிய இரு நாடுகளையும் ஒப்பிட்டு நோக்குமிடத்து உணரலாம்.

உலக வங்கியின் 2014ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, இருபதடிக் கொள்கலனொன்றை ஏற்றுமதி செய்வதற்கு உகண்டாவில் 2,800 டொலரும் சாட்டில் 6,615 டொலரும் செலவாயின. ஆவணம், சுங்கம், தரைவழிப் போக்குவரத்து, துறைமுகக் கையாளுகை ஆகிய செலவுகள் இதில் அடங்கும். கடற்பயணக் கட்டணம் அடங்காது. கொள்கலனிலுள்ள பண்டத்தின் பெறுமதி 20,000 டொலர் எனக் கொண்டே இக்கணிப்புச் செய்யப்பட்டது. எனவே, கப்பலேறு முன்னரே உகண்டாவின் பண்டம் தன் பெறுமதியில் ஏறக்குறைய ஏழிலொரு பங்குக்கும், சாட்டின் பண்டம் மூன்றிலொரு பங்குக்கும் ஈடான செலவைச் சுமக்க நேர்ந்தது.

இவ்வேறுபாட்டைத் தூரம் மாத்திரம் விளக்குமா? கம்பாலாவிலிருந்து மொம்பாசாத் துறைமுகம் ஏறத்தாழ 1,170 கிலோமீற்றர். இஞ்சமெனாவிலிருந்து கமரூனின் டுவாலாத் துறைமுகம் ஏறத்தாழ 1,850 கிலோமீற்றர். உகண்டாவின் செலவைத் தூரத்துக்கேற்பப் பெருக்கினால் சாட்டுக்கு 4,400 டொலர் வரையே வரும். மிகுதி 2,200 டொலருக்கும் வேறு காரணம் தேடவேண்டும்.

அக்காரணத்தின் பெரும்பகுதி சரக்கு ஏற்றும் ஒழுங்கமைப்பில் உள்ளது எனலாம். டுவாலா வழியில் சாட் நாட்டு லொறிகளுக்கு 65 வீதமும் கமரூன் லொறிகளுக்கு 35 வீதமுமாகச் சரக்கு ஒப்பந்தப்படி பங்கிடப்பட்டது. சரக்குப் பணியகங்கள் லொறிகளுக்கு முறைவைத்துச் சுமையளித்தன. திறமையாக இயங்குபவனுக்கும் பழைய லொறியை வைத்துக் காத்திருப்பவனுக்கும் ஒரே வாய்ப்பு என்றானபின் கட்டணம் குறைவதற்கு இடமேது? இத்தகைய அமைப்பு நிலவும் வழிகளில் வீதியைச் செப்பனிட்டாலும் அதன் பயன் வாடகைக் குறைப்பாக உற்பத்தியாளனைச் சென்றடைவதில்லை என உலக வங்கியின் 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றும் எடுத்துக்காட்டிற்று. மொம்பாசா வழியிலோ லொறி உரிமையாளரிடையே போட்டி நிலவியது.

இச்சுமை யார்மீது விழுகின்றது என்பதே அடிப்படை வினா. பருத்தியின் விலையை உலகச் சந்தை நிர்ணயிக்கின்றது; சாட் அதனை உயர்த்த இயலாது. ஆகவே, வழிச்செலவு இறுதியில் விவசாயிக்குக் கிடைக்கும் விலையிலிருந்தே கழிக்கப்படுகின்றது. 1920களின் பிற்பகுதியில் பிரெஞ்சு ஆட்சி கட்டாயப் பயிராகப் புகுத்திய பருத்தியையே தென்பகுதிக் குடியானவர் இன்றும் விளைவிக்கின்றனர். அதே தென்பகுதியின் எண்ணெயோ 2003 முதல் 1,070 கிலோமீற்றர் நீளக் குழாய்வழியே கமரூனின் கரையை அடைகின்றது. பன்னாட்டு மூலதனம் வேண்டியபோது கடலுக்கு வழி பிறந்தது. குடியானவனின் பருத்திக்கு அத்தகைய வழி பிறக்கவில்லை.

நிலஞ்சூழ் நாடுகளுக்குக் கடலை அணுகும் உரிமையை 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயம் ஏற்றுக்கொண்டுள்ளது. அவ்வுரிமைக்குப் பொருளேற்படவேண்டுமாயின், வீதி அமைப்பதற்கு முன்னதாகவே சரக்குப் பங்கீட்டு ஒப்பந்தங்கள் மீளாய்வு செய்யப்படல் வேண்டும். தூரத்தை எவராலும் குறைக்க முடியாது; ஒப்பந்தங்களோ மனிதர் செய்தவை.